சந்தனம் வைத்த சாவி பிளாப்பி

‘குடும்பம்’ என்ற சொல்லை வழவழப்பான காகிதத்தில் அச்சிட்டுப் பார்த்தால் தாளைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். என் மனைவி இதைப் படித்துப் பதற வேண்டாம், எங்கள் குடும்பத்தைச் சொல்லவில்லை. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கிப் போட்டுவிட்டு, வாங்கப்பட்ட கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்கு ‘எங்கள் குடும்பத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்’ என்று எழுதுவார்களே, அந்தக் குடும்பம். அப்படி ஒரு கடிதம் தொண்ணூறுகளின் பின்பாதியில் எனக்கு வந்தது. அதற்குப் பிறகு நான் ஆடிய ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சிரிப்பு அடங்கியதும் அருவருப்பு வருகிறது. வந்தால் சட்டென்று போவதில்லை.

அப்போது எனக்கு நாற்பது. வழுக்கை மேலிருந்தும் தொந்தி கீழிருந்தும் கிளம்பி எங்கே சந்திப்பது என்று பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்த காலம். மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் இருந்த ஒலிப்பதிவு ஸ்டூடியோவில் எனக்கு வேலை. கீபோர்டு புரோகிராமர் என்று பெயர். அதாவது, இசையமைப்பாளர் ‘லாலலா’ என்று பாடிக் காட்டிவிட்டுக் காபி குடிக்கப் போவார். அவர் திரும்பி வருவதற்குள் அந்த லாலலாவுக்குத் தபலா, வயலின், புல்லாங்குழல், கோயில் மணி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் நான் சேர்த்து வைத்திருக்க வேண்டும். கேசட் அட்டையில் ‘இசை’ என்று அவர் பெயர் வரும். என் பெயர் எங்கும் வராது. கேசட் பெட்டி செய்த பிளாஸ்டிக் கம்பெனியின் முத்திரைகூட அதில் இருக்கும்.

அந்த வருஷம்தான் ஒரு கேசட் கம்பெனி முதலாளி மனமிரங்கி, ஐயப்பன் பாட்டு எட்டு, இசை நானே என்று ஒப்புக்கொண்டார். ‘இசை’ என்ற இரண்டெழுத்துக்குப் பக்கத்தில் என் பெயர், தனியாக, துணைக்கு ஆளில்லாமல். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை. கார்த்திகை பிறந்து சாமிகள் மாலை போடும்போது கேசட் கடையில் இருக்க வேண்டும். அதற்கு, தீபாவளிக்கு முன்னால் முடித்த டேப் அவர் கையில் இருக்க வேண்டும். தை பிறந்த பிறகு ஐயப்பன் கேசட்டை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க ஆள் கிடையாது. எனக்கு அந்த ஒரு வாய்ப்புதான்.

பாட்டெல்லாம் ஒரு சீக்வென்சர் மென்பொருளில் இருந்தன. நாம் கீபோர்டில் வாசிப்பதை அது கோடும் கட்டமுமாகத் திரையில் எழுதிக்கொள்ளும், பிறகு தானே வாசிக்கும். தப்பான ஸ்வரத்தை மவுஸால் பிடித்து இழுத்துத் திருத்தலாம். என்னைப் போல ஒன்பது தப்பு வாசித்துப் பத்தாவதாகச் சரியாக வாசிக்கிறவனுக்கு அது குலதெய்வம். அமெரிக்காவில் இருந்த மைத்துனன் என் காசில் வாங்கி, பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்தான். அந்தக் காலத்தில் சென்னையில் மென்பொருளைப் பெட்டியோடு வைத்திருந்தவன் அனேகமாக நான் ஒருவன்தான். வீட்டு ஷோகேஸில் தலையாட்டி பொம்மையை நகர்த்திவிட்டு அந்தப் பெட்டியை வைத்திருந்தேன்.

இதைக் கேள்விப்பட்டு ஒருத்தன் விழுந்து விழுந்து சிரித்தான். பாண்டி பஜாரில் பாத்திரக் கடை ஒன்றின் மாடியில் சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருந்த கீபோர்டுக்காரன். ஆதம்பாக்கத்துப் பையன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். என்னை மாமா என்பான். உறவெல்லாம் இல்லை, வழுக்கைக்குக் கொடுத்த மரியாதை.

“இன்னா மாமா, சாப்ட்வேர துட்டு குடுத்து வாங்கினியாமே? மெரினாவுல போய் கடல் தண்ணிக்கு துட்டு குடுத்துட்டு வந்தியா?”

“ஒரிஜினல்டா. எதாவது ஆச்சுன்னா கம்பெனிக்கு ஒரு ஃபேக்ஸ் போட்டா பதில் வரும். உனக்கு வருமா?”

“எனுக்கு எதாவது ஆனாதான மாமா பதிலு வேணும்?”

அவனுடையது திருட்டுக் காப்பி. யாரோ பூட்டை உடைத்து ஊருக்கெல்லாம் விநியோகித்தது.

பூட்டு என்று சொன்னேன் அல்லவா, அதை விளக்கிவிட வேண்டும். அந்த மென்பொருளோடு ஒரு சாவி பிளாப்பி வரும். அதில் இரண்டு உரிமைகள் இருக்கும். கம்ப்யூட்டரில் மென்பொருளை ஏற்றும்போது ஒரு உரிமை பிளாப்பியிலிருந்து ஹார்டு டிஸ்க்குக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். இன்னொன்று பிளாப்பியிலேயே இருக்கும், ஆபத்துக்கு. உரிமை இல்லாத கம்ப்யூட்டரில் மென்பொருள் வாயைத் திறக்காது. பிளாப்பியைப் பிரதி எடுத்தால் பிரதியில் உரிமை வராது. என் மனைவிக்கு வங்கியில் வேலை. அவள் ஒரே வரியில் புரிந்துகொண்டாள். “லாக்கர் மாதிரிங்க. உங்க சாவி ஒண்ணு, பேங்க் சாவி ஒண்ணு. ரெண்டும் போட்டாத்தான் திறக்கும்.”

எங்கள் ஊர் ஈரத்தில் பிளாப்பிக்கு அடிக்கடி பூஞ்சை பிடிக்கும். அப்போதெல்லாம் கலிஃபோர்னியாவுக்கு ஃபேக்ஸ் அனுப்புவேன். அந்த மென்பொருளை எழுதிய மனிதரே பதில் போடுவார். நாலைந்து பேர் சேர்ந்து நடத்திய சின்னக் கம்பெனி. ஒருமுறை, ‘உங்கள் பூஞ்சையையும் எங்கள் வாடிக்கையாளராகப் பதிவு செய்துவிட்டேன். உங்களைவிட அது ஒழுங்காகத் தொடர்புகொள்கிறது’ என்று எழுதி, ஓரத்தில் தென்னை மரம் ஒன்று வரைந்திருந்தார். கூடவே புது சாவி பிளாப்பியும் விமானத் தபாலில் வந்தது. பெட்டிக்குக் கொடுத்த காசு அந்தத் தென்னை மரத்துக்கே சரியாகப் போய்விட்டது என்று நினைத்தேன்.

பிறகுதான் அந்த வழவழப்புக் கடிதம்.

ஸ்டூடியோவின் சொந்தக்காரர் அதை முதலில் பிரித்தார். மிருதங்க வித்வான்கள் குடும்பத்தில் பிறந்து, கை வலிக்கிறது என்று ஒலிப்பதிவுக்கு வந்தவர். எல்லாருக்கும் அவர் அண்ணா. என்னைவிட அஞ்சாறு வயது மூத்தவர் என்பதால் எனக்கும் அண்ணா.

“ஓய், இதென்ன கல்யாணப் பத்திரிகை மாதிரின்னா அடிச்சிருக்கா! பொண்ணு யாரு, பிள்ளை யாரு?”

வாங்கிப் படித்தேன். பெண் எங்கள் மென்பொருள் கம்பெனி. பிள்ளை, கார் ஸ்டீரியோ செய்யும் பெரிய கம்பெனி ஒன்று. இரண்டு பெரும் கனவுகள் ஒன்றாகின்றனவாம். எங்கள் இசைப் பயணம் இனிமேல்தான் தொடங்குகிறதாம். குடும்பம் என்ற சொல் ஒரே பக்கத்தில் ஏழெட்டு இடத்தில் இருந்தது. சாவி பிளாப்பி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. லஸ் முனை நடைபாதையில் பழைய அமெரிக்க இசைப் பத்திரிகைகள் கிடைக்கும். அவற்றை வாங்கிப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அந்த நாட்களில் எந்த இதழைத் திறந்தாலும் யாரோ யாரையோ விழுங்கியிருப்பார்கள். ஒருவன் ஒரு சிந்தசைசர் கம்பெனியை வாங்குவான். அதில் ஒரே ஒரு சில்லு அவனுக்கு வேண்டும், மீதியைக் குப்பையில் போடுவான். இன்னொருவன் போட்டியாளனை வாங்குவான், கடையை மூடுவதற்காகவே. மூன்றாமவனுக்கு வேண்டியது வாடிக்கையாளர்களின் விலாசங்கள் மட்டும். விழுங்குவதுகூடப் பரவாயில்லை. விழுங்கிய பிறகு சபையில் உட்கார்ந்து ஏப்பம் விட்டு, அந்த ஏப்பத்தையே வரவேற்புரை என்பார்களே, அதுதான் சகிக்காது.

கலிஃபோர்னியாவுக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். போகவில்லை. மறுபடி அனுப்பினேன். ஃபேக்ஸ் இயந்திரம் அழுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு என் காகிதத்தை என்னிடமே துப்பியது. ஆடி மாதத்தில் இரண்டாவது கடிதம் வந்தது. எங்கள் மென்பொருள் ‘பெருமையுடன் ஓய்வு பெறுகிறது’. புது சாவி பிளாப்பிகள் இனி வழங்கப்படமாட்டா.

அந்த நிமிஷத்திலிருந்து நான் மனிதனாக இல்லை.

முதலில் கம்ப்யூட்டரை அணைக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். அணைத்தால்தானே திரும்ப எழுந்திருக்க வேண்டும்? எழுந்திருக்கும்போதுதான் எந்தக் கருவியும் மண்டையைப் போடும் என்பது என் சித்தாந்தம். சுவிட்சின் மேல் ‘கை வைக்காதே’ என்று எழுதி ஒட்டினேன். கரண்ட் போனால் யுபிஎஸ் கத்தும், அதற்கு மேல் நான் கத்துவேன். ரிக்கார்டிங்கில் பாடகி பல்லவியை எடுக்கும்போது நான் ஓடிப்போய் கம்ப்யூட்டர் மூச்சு விடுகிறதா என்று காது வைத்துக் கேட்பேன். எட்டுப் பாட்டுக் கோப்புகளையும் தனித்தனி பிளாப்பிகளில் பிரதி எடுத்து, மச்சினி வீடு, அடையாறு ஒன்றுவிட்ட அண்ணன் வீடு, மனைவியின் அலுவலக மேஜை டிராயர் என்று ஊரெல்லாம் பதுக்கினேன்.

சாவி பிளாப்பிக்குத் தனி ஏற்பாடு. ஈரம் ஆகாது என்பதால் பாண்டி பஜார் செருப்புக் கடை ஒன்றில் போய், பெட்டிக்குள் போடுவார்களே அந்த ஈரம் உறிஞ்சும் குட்டிப் பொட்டலங்களைக் கேட்டேன். செருப்பு வாங்காமல் பொட்டலம் மட்டும் கேட்கும் ஆளைக் கடைக்காரர் முதல்முறையாகப் பார்த்தார். “சார், அது திங்கற பொருள் இல்ல,” என்று இரக்கத்தோடு சொல்லிவிட்டு ஒரு கை அள்ளிக் கொடுத்தார். அதுவும் போதாதென்று பட்டது. அரிசி ஈரத்தை இழுக்கும் என்று எங்கோ படித்த ஞாபகம். பிளாப்பியைப் பொட்டலங்களோடு பிளாஸ்டிக் பையில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன்.

மறுநாள் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

“ஏங்க, இன்னிக்கு என்ன, பொன்னியா பிளாப்பியா? எதை உலையில போடட்டும்?”

“அதைத் தொடாதே! அதுலதான் என் பேரு இருக்கு!”

“உங்க பேரு அரிசியிலதான் எழுதியிருக்குன்னு சொல்றீங்க. சரி, மேலாக எடுத்து வடிக்கிறேன்.”

இந்த நிலையில் ஆயுத பூஜை வந்தது.

அண்ணாவின் ஸ்டூடியோவில் ஆயுத பூஜை சிரத்தையாக நடக்கும். மைக், ஹெட்போன், மிக்ஸர், கீபோர்டு, அவருடைய அப்பாவின் மிருதங்கம் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கி, அன்று முழுக்க எதையும் தொடமாட்டார். மறுநாள் விஜயதசமியன்று காலையில்தான் வேலை. என் பாட்டுகளில் ஆறு கம்ப்யூட்டரில் முடிந்திருந்தன, இரண்டு பாக்கி; டேப்பில் இன்னும் எதையும் ஏற்றவில்லை.

“ஓய், கம்ப்யூட்டரை அணையும். பூஜைக்கு நாழியாறது.”

“அண்ணா, அது மட்டும் ஓடட்டுமே. பொட்டு வேணா வச்சுக்கலாம்.”

“ஓடிண்டிருக்கற வண்டிக்கு யாராவது எலுமிச்சம்பழம் வைப்பாளா? நிறுத்திட்டுன்னா வைப்பா!”

“அது திரும்பி எழுந்திருக்கலேன்னா?”

“வருஷத்துல ஒரு நாள் அதுவும் மூச்சு விட வேண்டாமோ? மூணு மாசமா உம்ம பயத்துல அது தூங்கவே இல்லை. சரஸ்வதி பார்த்துப்பா. அணையும்.”

கலிஃபோர்னியா பார்த்துக்கொள்ளவில்லை, கார் ஸ்டீரியோ பார்த்துக்கொள்ளவில்லை. சரஸ்வதிதான் பாக்கி. அந்தப் பலவீனமான நேரத்தில் எனக்கு ஒரு பக்தி பொங்கியது பாருங்கள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ராஜா அண்ணாமலைபுரத்தில் இருந்த வீட்டுக்குப் பறந்து, அரிசியைக் கிளறி சாவி பிளாப்பியை எடுத்துவந்து நானே பூஜைத் தட்டில் வைத்தேன். ஆசீர்வாதம் தேவைப்படுகிற ஆயுதம் என்றால் அதுதானே முதல் ஆயுதம்? மூன்று மாதம் பொத்திப் பொத்தி வைத்த பொருளை, பையைப் பிரித்து, பொட்டலங்களை நீக்கி, திறந்த மேனியாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணா மகிழ்ந்துபோய் எல்லாவற்றையும்விடப் பெரிதாக அதற்குச் சந்தனம் வைத்தார். கற்பூரம் காட்டினார். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சுண்டல் சாப்பிட்டோம்.

விஜயதசமி காலை நல்ல நேரம் பார்த்துக் கம்ப்யூட்டரைப் போட்டேன். திரை வெளுத்தது. உள்ளே ‘டிக்’ என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி ‘டிக்’. அவ்வளவுதான். ஹார்டு டிஸ்க் சுற்றவில்லை. பிறகு ஒரு பத்திரிகையில் படித்தேன். மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓடிய பழைய டிஸ்க்கை ஒரு நாள் நிறுத்தினால் உள்ளே ஒட்டிக்கொண்டு மறுபடி சுற்றாமல் போவது உண்டாம். தினமும் ஒழுங்காக அணைத்துப் போட்டிருந்தால் இன்னும் நாலு வருஷம் ஓடியிருக்குமாம். என் பயமே அதற்குக் குழி வெட்டியிருக்கிறது.

அந்த நேரத்தில் நான் பதறவில்லை என்று சொன்னால் யாராவது நம்புவீர்களா? பதறவில்லை. கம்பீரமாக அண்ணாவைப் பார்த்து, “புது டிஸ்க் போட்டுக்கலாம். பாட்டு ஊரெல்லாம் காப்பி இருக்கு. பிளாப்பியில இன்னொரு உரிமை இருக்கு. இதுக்குத்தான் ஒரிஜினல் வாங்கணும்கிறது,” என்றேன். புது டிஸ்க் வந்தது. மென்பொருளை ஏற்றினேன். ‘சாவி பிளாப்பியை நுழைக்கவும்’ என்றது. நுழைத்தேன்.

கர்ர்ர்.

காபிக்கொட்டை அரைக்கிற சத்தம். பிளாப்பியை வெளியே எடுத்து அதன் தகரக் கதவை விரலால் தள்ளிப் பார்த்தேன். சந்தனம் தண்ணீராக இருந்ததால் மெதுவாக உள்ளே வழிந்து, பழுப்புத் தகட்டின்மேல் காய்ந்து பாளமாக நின்றது. நடுவில் அழகாகக் குங்குமம். பிறை மாதிரி ஒரு கீறல். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அந்த டிரைவில் எந்த பிளாப்பியைப் போட்டாலும் பூஜையறை வாசனையோடுதான் வெளியே வரும்.

அண்ணா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். வேட்டி நுனியால் துடைக்கப் போனவர், துடைத்தால் என்ன ஆகும் என்று புரிந்து கையை எடுத்துவிட்டார்.

எட்டுப் பாட்டும் இருந்தன. எல்லார் வீட்டிலும் இருந்தன. ஆனால் அவை அந்தக் கம்பெனியின் சொந்த பாஷையில் இருந்தன, வேறு எந்த மென்பொருளுக்கும் விளங்காத பாஷை. நகை லாக்கரில் பத்திரமாக இருக்கிறது, என் சாவி சந்தனத்தில் செத்துவிட்டது, வங்கியோ தன் சாவியோடு எங்கோ போய்விட்டது.

லஸ்ஸில் ஒரு ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனேன். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அந்தக் கார் ஸ்டீரியோ கம்பெனி திறக்கும் நேரம் நமக்கு விளக்கு வைக்கும் நேரம். கண்ணாடிக் கூண்டுக்குள் வியர்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் காத்திருங்கள் என்று ஒரு குரல் சொல்லிவிட்டு இசையை ஓடவிட்டது. எனக்குத் தெரிந்த இசை. எங்கள் மென்பொருளை முதன்முதலில் திறக்கும்போது மாதிரிக்கு ஒரு துண்டு ஓடும். தென்னை மரம் வரைந்தவர் போட்ட மெட்டு. வாங்கிய கம்பெனியில் அந்த மென்பொருளின் எச்சமாக மிஞ்சியது அது ஒன்றுதான், போனில் காக்கவைப்பதற்கு.

பிறகு ஒரு பெண் வந்தாள். தேன் ஒழுகும் குரல். பாட்டு, பிளாப்பி, தீபாவளி எல்லாம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கொட்டினேன். சந்தனத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை, ‘உள்ளூர் ஈரம்’ என்றேன். அப்படி ஒரு பொருள் தங்கள் பட்டியலில் இல்லை என்றாள்.

“நீங்கள்தானே அம்மா அந்தக் கம்பெனியை வாங்கினீர்கள்?”

“ஆமாம், கம்பெனியை வாங்கினோம். அந்தப் பொருளை நாங்கள் விற்பதில்லை.”

“ஃபேக்ஸுக்கு ஒருத்தர் பதில் போடுவாரே, அவரிடம் பேச முடியுமா?”

“அவர் இப்போது நம் குடும்பத்தில் இல்லை.”

விசுவாசமான பழைய வாடிக்கையாளன் என்பதால் கார் ஸ்டீரியோவில் எனக்குச் சலுகை உண்டு என்றும் சொன்னாள். என்னிடம் இருந்தது ஸ்கூட்டர். போனை வைத்துவிட்டு வெளியே வந்து, அடுத்த கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்தேன்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவள் வேலை பார்த்த சின்ன வங்கியையும் சில வருஷத்துக்கு முன்னால் பெரிய வங்கி ஒன்று எடுத்துக்கொண்டது.

“போர்டை மாத்தினாங்க. பாஸ்புக் அட்டைக் கலரை மாத்தினாங்க. எங்க மேனேஜர் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டிருந்தாரு. ஆனா லாக்கர் மறுநாளும் திறந்துச்சுங்க. எடுத்துக்கிட்டவன் சாவியையும் எடுத்துக்கணும்னு அங்க சட்டம் இருக்கு. உங்க ஊர்ல அது இல்லியா?”

எங்கள் ஊரில் அது இல்லை.

பாக்கி இருந்தது ஒரே வழி. திருட்டுக் காப்பி வைத்திருந்தவர்களில் எனக்குப் பழக்கம் ஒருத்தன்தான். பாண்டி பஜார் பாத்திரக் கடை மாடி ஏறினேன். கீழே எவர்சில்வர் குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆதம்பாக்கத்தான் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தான். அவனுடைய திரையில் என் மென்பொருள் சந்தோஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

“வா மாமா, குந்து. இன்னா மூஞ்சி இப்டி கீது?”

“கம்பெனியை வித்துட்டாங்கடா.”

“எந்தக் கம்பெனிய?”

“இந்த சாப்ட்வேர் கம்பெனியைத்தான்! மூணு மாசமாச்சு! சாப்ட்வேரையே மூடிட்டாங்க!”

அவன் திரையைத் திரும்பிப் பார்த்தான். “மூடிட்டாங்களா? நல்லா ஓடிக்கினுதான கீது. எனுக்கு லெட்டர் ஒண்ணும் வரலியே மாமா.”

எப்படி வரும்? காசு கொடுத்தவனுக்குத்தான் கடிதம். காசு கொடுத்தவனுக்கு மட்டும்தான் கம்பெனி செத்துப்போயிருந்தது. ஊரில் இருந்த அத்தனை திருட்டுக் காப்பிகளும் திடகாத்திரமாக உயிரோடு இருந்தன. அவனுக்குச் சாவி இல்லை, ஆகவே பூட்டும் இல்லை.

நடந்ததைச் சொன்னேன். சந்தனம் வந்த இடத்தில் அவன் பிரியாணியை ஒதுக்கி வைத்துவிட்டுச் சிரித்தான். இருமல் வந்து தண்ணீர் குடித்தான்.

“சரி மாமா, அழுவாத. உன் பாட்டெல்லாம் எடுத்துக்கினு வா. இங்கியே தொறந்து முடிச்சிக்கோ. ரூம உனுக்கு உடறேன். காப்பி மட்டும் வெளிய குடுக்க மாட்டேன்.”

கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு. “எவ்வளவுடா தரணும்?”

“துட்டா? உன்னாண்ட போய் துட்டு வாங்குவனா? அட்டைல என் பேரையும் போட்ரு, போதும்.”

“எங்கே போடறது? ‘ஸ்டூடியோ உதவி’ன்னா?”

“இன்னா மாமா நீ. ‘இசை’ன்னு போடுவாங்கள்ல, அங்க. உன் பேரு, என் பேரு.”

“டேய்! ஒரு ஸ்வரம் நீ போட்டியா?”

“போடல. ஆனா தொறக்கறது யாரு?” சொல்லிவிட்டு என் தோளில் கை போட்டான். விரலில் மசாலா. “இனிமே நாம ரெண்டு பேரும் ஒரே குடும்பம் மாமா.”

நான் எழுந்து வந்துவிட்டேன். அவ்வளவு ரோஷம். ஸ்டூடியோவுக்குப் போய் பாட்டுகளை மறுபடி முதலிலிருந்து வாசித்துப் பார்த்தேன். மெட்டு வந்தது. அதற்குக் கீழே அடுக்கியிருந்த பதினெட்டுப் படி தாளம், மணியோசை, புல்லாங்குழல் இழைகள் வரவில்லை. பத்தாவது தடவை சரியாக வாசித்தது எது என்று கைக்கு ஞாபகமில்லை, அது கம்ப்யூட்டருக்குத்தான் ஞாபகம். கேசட் முதலாளி வேறு போன் பண்ணி, “சாமி, என்ன ஆச்சு? உங்களால ஆகலைன்னா போன வருஷத்து மாஸ்டர் டேப்பையே அட்டையை மாத்திப் போட்டுடறேன்,” என்றார்.

மனைவி அன்று மாலை காபியை வைத்துவிட்டுச் சொன்னாள். “திறக்காத லாக்கர்ல நகை முழுக்க உங்களதுதான். போட்டுக்க முடியாது, அவ்வளவுதான். பாதியை அவன் கழுத்துல போட்டாவது வெளியில எடுங்க.”

எடுத்தேன். பாத்திரக் கடை மாடியில் உட்கார்ந்து எட்டுப் பாட்டையும் முடித்தேன். கீழே குடம் தட்டும் சத்தம் மைக்கில் ஏறாமல் அவர்கள் சாப்பிடப் போகும் நேரம் பார்த்துக் குரலைப் பதிவு செய்தோம். அவன் தொந்தரவு செய்யவில்லை. பிரியாணி வாங்கிக் கொடுத்தான், ஒரு பாட்டில் ‘சூப்பர் மாமா’ என்று கைதட்டினான். அவன் செய்த இசை அவ்வளவே. தீபாவளிக்கு முன்னால் டேப் போய்ச் சேர்ந்தது. கார்த்திகையில் கேசட் வந்தது. ‘இசை’ என்ற இரண்டெழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு பெயர்கள். அவனுடையது முதலில். அட்டை வரைந்தவருக்கு நீளமான பெயர் மேலே இருந்தால்தான் பார்வைக்கு நன்றாக இருக்குமாம்.

பாட்டு ஓடியது. ஓடாமல் போயிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருப்பேன். ரங்கநாதன் தெருவில் நுழைந்தால் இந்தக் கடையில் பல்லவி, அடுத்த கடையில் சரணம். அடுத்த வருஷம் சீசனுக்கு முன்கூட்டி, ஆவணியிலேயே கேசட்டை மறுபடி போட்டார்கள். நான் பாண்டி பஜார் நடைபாதையில் ஒன்று வாங்கிப் புரட்டினேன். ‘இசை’. பக்கத்தில் ஒரே பெயர். நான் ஆசைப்பட்டபடியே தனியாக, துணைக்கு ஆளில்லாமல். என் பெயர் இல்லை.

நேரே மாடி ஏறினேன். அவன் இப்போது ஏசி போட்டிருந்தான். அதே கேசட் கம்பெனிக்கு அடுத்த ஐயப்பன் கேசட் செய்துகொண்டிருந்தான்.

“நான் இன்னா மாமா பண்றது? அட்டைல புச்சா சாமி படம் பெர்சா போட்டாங்களாம். எடம் பத்தலியாம். உன்ன உட்ருவனா நான்?”

முதலில் வாங்கினான், பிறகு குடும்பத்தில் சேர்த்துக்கொண்டான், பிறகு பெருமையுடன் எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டான். கார் ஸ்டீரியோ கம்பெனிக்கு இதற்கு வக்கீல்களும் வழவழப்புக் காகிதமும் தேவைப்பட்டன. இவன் ஒரு பிரியாணிப் பொட்டலத்தில் முடித்துவிட்டான். எனக்கு அவன்மேல் கோபம்கூட வரவில்லை. இறங்கும்போது படிக்கட்டுச் சுவரைத் தொட்ட கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அந்தக் கேசட்டைக் கொண்டுபோய் ஸ்டூடியோ மேஜையில் போட்டேன். அண்ணா எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். வைத்துவிட்டார்.

அந்த வருஷமும் ஆயுத பூஜை வந்தது. மைக், ஹெட்போன், மிக்ஸர், மிருதங்கம். நான் என் பொருள் எதையும் தட்டில் வைக்கவில்லை, புத்தி வந்திருந்தது. பூஜை முடிந்து சுண்டலுக்குக் கை நீட்டும்போதுதான் பார்த்தேன். சரஸ்வதி படத்துக்கு முன்னால், மிருதங்கத்துக்குப் பக்கத்தில், அந்த ஐயப்பன் கேசட் இருந்தது. பெட்டியைத் திறந்து அட்டையை வெளியே எடுத்துத்தான் சந்தனம் வைத்திருந்தார். ‘இசை’ என்ற இரண்டெழுத்து பளிச்சென்று தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த பெயர் முழுக்கச் சந்தனம். தடிப்பாக, எல்லா எழுத்தும் மூழ்கும்படி, நடுவில் குங்குமம் வைத்து.

“அண்ணா, இது நீங்க வேணும்னே...”

அவர் சுண்டலைத் தொன்னையில் போட்டு என் கையில் திணித்தார்.

“சந்தனம் கொஞ்சம் தண்ணியா போயிடுத்து ஓய். வழிஞ்சுடுத்து.”